மூன்று இலாகா, ஒரு மகஜர்

பெண்ணைப் பெண்தான் சோதனை போட வேண்டும் என்று புதிதாக வந்த போதைப்பொருள் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரி மட்டும் இல்லாவிட்டால் கூட்டுப் படையில் வேதாவை யார் சேர்த்திருக்கப் போகிறார்கள்?

1987, பங்குனி மாதம். கஞ்சாவையும் கஞ்சாப் பிசினையும் ஒழிக்க இலாகாக்கள் இனிமேல் தனித்தனியாக ஓடாமல் கைகோத்து வேலை செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. திருவண்ணாமலைக்கு ஒரு கூட்டுப் படை. உள்ளூர்ப் போலீஸுக்கு இன்ஸ்பெக்டர் கோதண்டராமன், மதுவிலக்குப் பிரிவுக்கு இன்ஸ்பெக்டர் பலராமன், மெட்ராஸ் சுங்க இலாகாவிலிருந்து ராமகிருஷ்ணன் என்கிற அதிகாரி. மூன்று பேர் பெயரும் பட்டத்தோடு டைப் அடித்திருந்தது. கடைசி வரியில் ‘பெண் காவலர் ஒருவர்’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

பெயரில்லாத அந்த ஒருவர்தான் வேதா. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் பாடுபடும் குடும்பம். காக்கி போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. தீபத்துக்குத் தீபம் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளை உட்கார வைத்துப் பன் வாங்கிக் கொடுப்பதும், பெண் கைதிகளுக்குத் துணையாக ஜெயிலுக்குப் போய் வருவதும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. இந்த முறை வேறொன்றும் கொடுத்தார்கள். மூன்று இலாகாவிலும் உள்ள ஆண்களின் முகம் ஊருக்கே தெரியும் என்பதால், வேவு பார்க்க அவளை அனுப்பினார்கள்.

ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ராஜமாணிக்கத்தின் எட்டு அறை வாடகைக் கட்டிடம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். பெரும்பாலானவர்கள் தியானத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே புகைக்க வந்தவர்களும் உண்டு. அந்தச் சரக்கு இந்தச் சந்திலிருந்துதான் போகிறது என்று ஆறு மாதமாகப் பேச்சு. வேதா பழஞ்சேலை கட்டிக்கொண்டு, கூடை நிறைய வேகவைத்த நிலக்கடலையோடு எதிரில் இருந்த புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாளே அவளைக் கண்டுபிடித்துவிட்டாள் காசியம்மாள். எட்டு அறையையும் பெருக்கித் துடைக்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒட்டிய உடம்பு. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து குந்தியவள், கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “மல்லாட்டை விக்கிறவளுக்குப் படியில அளக்கும்போது கண்ணு படிமேல இருக்கணும். உன் கண்ணு வாசல்லயே கீது. நீ இன்னா, போலீஸா?”

வேதா குனிந்து படியில் கடலையை அள்ளினாள். காசியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் ஒரு சொம்பு மோரோடு வந்தாள்.

“கடைசீல ஒரு ஸ்டோர் ரூமு கீது பாரு, அதை மட்டும் பெருக்க உடமாட்டான். அரிசி டின்னு வெச்சிக்கீறானாம். அரிசிக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?”

“எங்கிட்ட எதுக்குக்கா சொல்றீங்க?”

“மூணாம் நம்பர் ரூமுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருந்துச்சு. என் பொண்ணு வயசுதான். அந்தப் பிசினை ஊதி ஊதிக் கண்ணு மேல சொருகிக்கினு கெடந்துச்சு. டாக்டரைக் கூப்புடுன்னேன். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? ரிக்‌ஷாவுல தூக்கிப் போட்டு பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டுட்டு வந்துட்டான். அது பொழைச்சுதோ செத்துச்சோ.” காசியம்மாள் கடலைத் தோலைத் தரையில் உதறினாள். “யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். நீ வந்து உக்காந்துகினே.”

பத்து நாள் வேதா அங்கே இருந்தாள். ராஜமாணிக்கம் சாயங்காலம் வந்து அந்த அறையைத் திறப்பதையும், கையளவு பொட்டலத்தோடு வெளியே வருவதையும் நாலு முறை தன் கண்ணால் பார்த்தாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். காசியம்மாளின் பெயரை மட்டும் எழுதவில்லை.

சோதனைக்குக் குறித்த நாளில் காலை எட்டு மணிக்குப் பயணியர் பங்களாவில் மூன்று ஜீப்பும் சேர்ந்தன. பத்து மணி வரை அங்கேயே நின்றன. எந்த ஜீப் முன்னால் போவது என்பதில் தகராறு.

“இது என் லிமிட்டு. என் வண்டிதான் முன்னாடி போவும்” என்றார் கோதண்டராமன்.

“சரக்கு வெளி மாநிலத்துலேருந்து வருது. எங்க இலாகா இல்லாம நீங்க தொடவே முடியாது” என்றார் ராமகிருஷ்ணன்.

பலராமன் யாரிடமும் பேசாமல் போன் இருந்த அறைக்குள் போய், தன் மேலதிகாரியிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார். அதைப் பார்த்து மற்ற இருவரும் ஆளுக்கொரு போன் போட்டார்கள். வேதா வெயிலில் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்தாள். சந்து இரண்டு மைல் தூரத்தில் இருந்தது. நடந்தே போயிருந்தாலும் இந்நேரம் பூட்டை உடைத்திருக்கலாம். கடைசியில் ஜீப்புகள் கிளம்பியபோது அவளுக்கு மூன்றாவது வண்டியின் பின்புறம், ஸ்டெப்னி டயரின் மேல் இடம் கிடைத்தது.

அவர்கள் போனபோது ராஜமாணிக்கம் அங்கே இல்லை. அறைகளில் இருந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் கொஞ்ச நேரம் முன்புதான் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனை போன், எத்தனை காது! முற்றத்தில் காசியம்மாள் மட்டும் வாளியும் துணியுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“அந்தப் பொம்பளையச் சோதனை போடு” என்றார் பலராமன்.

வேதா அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சேலை மடிப்பு, இடுப்பு, கொண்டை, எல்லாம் பார்த்தாள். ஒரு சுருக்குப் பையில் வெற்றிலையும் காய்ந்த பாக்கும் இருந்தன. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. அவ்வளவுதான்.

“முடிஞ்சுதா?” என்றாள் காசியம்மாள், முந்தானையைச் சரி செய்துகொண்டே.

“முடிஞ்சுது. மன்னிச்சிக்கங்கக்கா.”

“உன் வேலை, நீ செய்யிறே. அந்த ரூமை ஒடைங்க மொதல்ல.”

உடைத்தார்கள். இரண்டு பூட்டையும் உடைத்து, அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். அரிசிக்குள்ளிருந்து பாலிதீன் சுற்றிய கட்டிகள் விழுந்தன. பனைவெல்லம் போலக் கறுப்பாக, பிசுபிசுவென்று. நாலு கிலோ. மேலே ஒரு பையில் ராஜமாணிக்கத்தின் பெயர் போட்ட மின்சார ரசீதும், அவன் கையெழுத்தில் வெளிநாட்டுப் பெயர்கள் எழுதிய நோட்டும்.

வேதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பத்து நாள் வெயில் வீண் போகவில்லை. எண்ணிப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் இருந்திருக்கும்.

ராஜமாணிக்கம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முகத்தில் பதற்றமே இல்லை. பின்னாலேயே ஒருவன் கிரேட் நிறைய கலர் சோடா கொண்டுவந்தான். ராஜமாணிக்கம் ராமகிருஷ்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். பிறகு பலராமனை. பிறகு கோதண்டராமனை. அதன் பிறகு மூன்று அதிகாரிகளும் முதல் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்கள். வேதா அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். அவள் அங்கே நிற்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

“இவன் எங்க ஆளு சார்” என்றார் ராமகிருஷ்ணன். “தங்க பிஸ்கட் கேஸ் மூணு இவன் சொல்லித்தான் பிடிச்சோம்.”

“அட, உங்களுக்குமா?” என்றார் பலராமன். “ஜவ்வாது மலையில சாராய ஊறல் எங்க இருக்குதுன்னு எங்களுக்குச் சொல்றவனே இவன்தானே.”

கோதண்டராமன் சிரித்தார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா ரெண்டு பேரும்? தீபத்துக்கு வர்ற நம்ம பெரிய ஆபீசருங்க குடும்பமெல்லாம் எங்க தங்குதுன்னு நெனைக்கிறீங்க? இங்கதான்.”

காலையிலிருந்து ஒரு ஜீப்பை முன்னால் விட மனமில்லாத மூன்று பேரும் இப்போது ஒருவருக்கொருவர் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக ஒரு காகிதத்தைக்கூடப் பகிர்ந்துகொள்ளாதவர்கள், முதன்முதலாகத் தகவலைப் பகிர்ந்துகொண்டது இதற்குத்தான். வேதாவுக்குக் காது சுட்டது.

“அதுக்குன்னு நாலு கிலோவைத் திருப்பி டின்னுல போட முடியுமா? மேலே போன் போட்டாச்சு” என்றார் பலராமன்.

 பிறகு கோதண்டராமனின் குரல்: “அந்தப் பெருக்குற பொம்பளை இருக்காளே.”

மகஜர் என்பது கைப்பற்றிய இடத்திலேயே, என்ன எடுத்தோம், யாரிடமிருந்து எடுத்தோம் என்று சாட்சிகளை வைத்து எழுதுகிற காகிதம். அதை எழுத ஸ்டேஷன் ரைட்டர் மண்ணாங்கட்டி வந்திருந்தார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மூன்று இலாகாவுக்கும் நகல் வேண்டும் என்பதால் கார்பன் தாள் வைத்து எழுதினார். எழுதி முடித்து வேதாவைக் கூப்பிட்டார்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா.”

வேதா படித்தாள். ‘பெண் காவலர் வேதா சோதனையிட்டதில் மேற்படி காசியம்மாள் தன் இடுப்பில் துணியில் கட்டி மறைத்து வைத்திருந்த நாலு கிலோ...’

“நாலு கிலோவை இடுப்புல கட்டிக்கிட்டு யாராவது வீடு கழுவுவாங்களா ஏட்டய்யா?”

மண்ணாங்கட்டி தலையை நிமிர்த்தவில்லை. “சொன்னாங்க, எழுதினேன்.”

கோதண்டராமன் அருகில் வந்தார். “என்ன அங்க பேச்சு? போடு.”

“நான்தான் சோதனை போட்டேன் சார். அவங்ககிட்ட வெத்தலைதான் இருந்துச்சு. அதை எழுதுங்க, போடறேன்.”

“உனக்கு யார் சம்பளம் குடுக்கறா?”

“சரக்கு டின்னுல இருந்துச்சு சார். நீங்களும் பாத்தீங்க. அந்த நோட்டுல இருக்கறது அவன் கையெழுத்து. நான் நாலு தடவை...”

“நீ எதையும் பாக்கல. மல்லாட்டை வித்தே, அவ்ளோதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “யூனிபாரம் வேணுமா, வேணாமா?”

  அந்தக் கார்பன் தாள்களை அவர் முகத்தில் கிழித்து எறிய வேண்டும் போல இருந்தது வேதாவுக்கு. எறியவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “போட மாட்டேன் சார்” என்றாள்.

ஏதோ பெரிய கதவை அடைத்துவிட்டதாக அவள் நினைத்தாள். அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைத் திறக்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ராமகிருஷ்ணன் சட்டம் படித்தவர். “சோதனை போட்டதாவே காட்ட வேணாம். போலீஸைப் பார்த்ததும் பயந்துபோய் அவளே கூடையிலேருந்து எடுத்துக் குடுத்தாள்னு எழுதுங்க. லேடி கான்ஸ்டபிள் கையெழுத்தே தேவைப்படாது” என்றார். மண்ணாங்கட்டி பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். மூன்று அதிகாரிகளும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சந்திலிருந்த டீக்கடைக்காரனும் சோடா கொண்டுவந்தவனும் சாட்சி.

கலர் சோடாவில் ஒன்றை வேதாவிடமும் நீட்டினான் ராஜமாணிக்கம். “வெயில் ஜாஸ்தி, குடிங்கம்மா.” அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பாட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கைது செய்கிறோம் என்று சொன்னபோது காசியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் போட்ட கூச்சலில் சந்து முழுக்க ஆள் கூடிவிட்டது. “டேய், உன் டின்னுல இருந்ததுக்கு நான் ஜெயிலுக்குப் போவணுமாடா?” என்று ராஜமாணிக்கத்தின் மேல் வாளித் தண்ணீரை வீசினாள். அவனுடைய வெள்ளை வேட்டி முழுக்க அழுக்குத் தண்ணீர். இரண்டு போலீஸ்காரர்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். வேதா வாசலில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெண் கைதி என்றால் பெண் காவலர் கூட வர வேண்டுமே! கையெழுத்துக்கு வேண்டாதவள் காவலுக்கு வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் காசியம்மாளைக் கொண்டுபோய் நிறுத்தியது வேதாதான். பின்னால் கோதண்டராமன் விறைப்பாக நின்றார்.

மாஜிஸ்திரேட் காகிதங்களைப் புரட்டினார். “ஏதாவது சொல்லணுமாம்மா? அடிச்சாங்களா?”

“அடிக்கலிங்க” என்றாள் காசியம்மாள். கத்திக் கத்தித் தொண்டை கம்மியிருந்தது. வேதாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். “இந்தப் பொண்ணைக் கேளுங்க சாமி. இதுதான் என்னை அவுத்துப் பாத்துச்சு. என்கிட்ட இன்னா இருந்துச்சுன்னு அதையே கேளுங்க.”

 கோதண்டராமன் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு என்ன அர்த்தம் என்று வேதாவுக்குத் தெரியும்.

“சோதனை போட்டீங்களா?” என்றார் மாஜிஸ்திரேட். “இதுல சோதனைனு எதுவும் இல்லையே.”

“போட்டேன் ஐயா. வெத்தலைப் பையும் தாயத்தும்தான் இருந்துச்சு. சரக்கு அந்த வீட்டு ஸ்டோர் ரூம்ல அரிசி டின்னுல இருந்துச்சு. பூட்டை உடைச்சுத்தான் எடுத்தோம். அந்த ரூமை வீட்டுக்காரர் ராஜமாணிக்கத்தைத் தவிர யாரும் திறந்து நான் பார்த்ததில்ல. பத்து நாள் நான் அங்க இருந்தேன்.”

மாஜிஸ்திரேட் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் சொன்னதை அப்படியே தன் கையால் காகிதத்தில் எழுதினார். எழுதிவிட்டு, பதினைந்து நாள் காவல் என்று அதன் கீழேயே உத்தரவும் போட்டார். மூன்று இலாகா சேர்ந்து கையெழுத்திட்ட வழக்கை ஒரு கான்ஸ்டபிள் பேச்சை நம்பி முதல் நாளே தள்ள அவரால் முடியாது. வேலூர்ப் பெண்கள் ஜெயில் வாசலில் காசியம்மாளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியதும் வேதாதான்.

அடுத்த வாரம் அவளுக்கு மெமோ வந்தது. கீழ்ப்படியாமை, இலாகா ரகசியத்தை வெளியிட்டது என்று இரண்டு குற்றச்சாட்டு. ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அரக்கோணத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் மூன்று மாதம் அவளுக்கு வேலையே கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உடன் வேலை பார்த்தவர்கள், “உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போல இருக்கும். காசியம்மாளின் ஜாமீன் மனுவை இரண்டு முறை தள்ளினார்கள். அதே நேரத்தில் கூட்டுப் படைக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. ராஜமாணிக்கம் மாடி எடுத்துக் கட்டினான்.

வழக்கு வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணைக்கு வரப் பதிமூன்று மாதம் ஆயிற்று. காசியம்மாளுக்கு இலவச சட்ட உதவியில் மூர்த்தி என்கிற வக்கீலைக் கொடுத்திருந்தார்கள். சின்ன வயசு, இரவல் கோட்டு. ஆனால் ஆள் உழைப்பாளி. மாஜிஸ்திரேட் எழுதி வைத்த குறிப்பைப் படித்துவிட்டு அரக்கோணத்துக்கே வந்து வேதாவைத் தேடிப் பிடித்தான். அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

அரசு வக்கீல் எழுந்து கேட்டார்: “உங்களை இடம் மாத்தினதுல மேலதிகாரிங்க மேல உங்களுக்குக் கோபம், இல்லையா?”

“ஆமாங்க, கோபம்தான். மாத்தறதுக்கு முன்னாடியே கோபம்தான். கோபம் இருந்தா கண்ணால பாத்தது பொய்யாயிடுங்களா?”

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். வேதா சிரிக்கவில்லை.

அவள் சொன்ன உண்மையால் வழக்கு உடைந்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லலாம். வழக்கை உடைத்தது மூன்று பத்திரிகைத் துணுக்குகள். சரக்கைப் பிடித்த மறுநாள், மூன்று இலாகாவும் மற்ற இரண்டுக்கும் தெரியாமல் ஆளுக்கொரு செய்தி கொடுத்திருந்தார்கள். மூர்த்தி அவற்றைத் தேடியெடுத்து வரிசையாக வாசித்தான். செங்கம் ரோட்டில் மதுவிலக்குப் பிரிவு நடத்திய தனி வேட்டையில் காசியம்மாளிடம் நாலு கிலோ. பேருந்து நிலையத்தில் சுங்க அதிகாரிகள் காத்திருந்து மடக்கிய காசியம்மாளிடம் நாலு கிலோ. ரோந்து போன உள்ளூர்ப் போலீஸைக் கண்டு ஓடிய காசியம்மாளிடம் நாலு கிலோ.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கூண்டில் அப்போது நின்றது கோதண்டராமன்.

“ஒரே நாள்ல, ஒரே பொம்பளைகிட்ட, மூணு இடத்துல, பன்னெண்டு கிலோ. கோர்ட்டுக்கு வந்தது நாலு. மிச்சம் எட்டு கிலோ எங்கே இன்ஸ்பெக்டர்?”

கோதண்டராமன் வியர்வையைத் துடைத்தார். அடுத்து வந்த பலராமனும் துடைத்தார். ராமகிருஷ்ணன், தன் இலாகாவின் பெயரில் வேறு யாரோ செய்தி கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தார்.

காசியம்மாள் விடுதலையானாள். தீர்ப்பைக் கேட்கும்போது வேதா கோர்ட்டின் பின்வரிசையில் இருந்தாள். சாட்சிகளிடையே முரண்பாடு இருப்பதால் சந்தேகத்தின் பலனை எதிரியான காசியம்மாளுக்கு அளிப்பதாகவும், அதனால் பெண் காவலரின் சாட்சியத்தைப் பரிசீலிக்க அவசியம் எழவில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. அவசியம் எழவில்லை! ஊதிய உயர்வையும் ஊரையும் விட்டுக்கொடுத்துச் சொன்ன சொல்லைத் தூக்கிப் பார்க்கக்கூட அவசியம் எழவில்லை. அந்த மூன்று பேரின் விளம்பர ஆசைதான் ஒரு அப்பாவியைக் காப்பாற்றியது. ராஜமாணிக்கத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தை இல்லை.

ஜெயில் வாசலுக்குக் காசியம்மாள் வெளியே வந்தபோது, வேதா காக்கியிலேயே காத்திருந்தாள். அவள் காலில் விழுந்து நன்றி சொல்வாள் என்றெல்லாம் வேதா எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்த வார்த்தையையும் எதிர்பார்க்கவில்லை.

“ஜட்ஜி கிட்ட சொன்னே, மாஜிஸ்திரேட் கிட்ட சொன்னே. அன்னிக்கு அந்த வாசல்ல சனமெல்லாம் நின்னுச்சே, அப்போ ஏன் ஊமையா நின்னே? அங்க நீ கத்தியிருந்தா அவனுங்க என்னை வண்டியில ஏத்தியிருப்பானுங்களா?”

வேதாவுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது.  

“தப்புதான்கா” என்றாள்.

“தப்பா ஒப்பான்னு நான் கேக்கல.” காசியம்மாள் முன்னைவிடவும் இளைத்திருந்தாள், ஆனால் நடை நிமிர்ந்துதான் இருந்தது. “என் டிரங்குப் பொட்டி அவன் வீட்டு ஷெட்டுல கீது. என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச சேலை, என் தாயி குடுத்த பித்தளைத் தவலை, எல்லாம் அதுல கீது. நான் மட்டும் போனா தொரத்துவான். நீ வா.”

இருவரும் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினார்கள்.  போளூர் தாண்டி மலை தெரிந்ததும் காசியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, செங்கம் ரோட்டில் நடந்தார்கள். மணி மூன்று இருக்கும். சந்தில் டீக்கடை திறந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புது மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜமாணிக்கம் வாசலுக்கு வந்தான். காசியம்மாளைப் பார்த்துவிட்டு வேதாவின் பக்கம் திரும்பினான்.

“அரக்கோணம் போலீஸுக்கு இங்க என்னம்மா வேலை?”

“இவங்க பொட்டியக் குடுங்க.”

“பொட்டியா? எந்தப் பொட்டி? பழைய சாமானெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு.” அவன் சிரித்தான். “மூணு டிபார்ட்மென்ட் இருக்குது. போய்க் கம்ப்ளெய்ன்ட் குடுங்க.”

ஒரு வருஷத்துக்கு மேலாக வேதாவின் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. தன் குரலா என்று அவளே ஒரு நொடி திகைத்தாள்.

“கேட்டுக்குங்கய்யா எல்லாரும்! போன வருசம் இந்த வீட்டுல நாலு கிலோ கஞ்சாப் பிசினு எடுத்தோம். அதோ, அந்தக் கடைசி ரூம்ல, இந்தாளு அரிசி டின்னுல! நான் நின்னேன். என் கண்ணால பாத்தேன். பூட்டை உடைச்சவங்கள்ல நானும் ஒருத்தி. இதோ நிக்கறாங்களே, இவங்ககிட்ட ஒண்ணுமில்ல, ஒரு குந்துமணி இல்ல. மூணு ஆபீசருங்க இதே வீட்டுல உக்காந்து இவன் குடுத்த சோடாவைக் குடிச்சிட்டு, பெருக்குற பொம்பளை தலையில கட்டினாங்க. நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நின்னேன். இன்னிக்குச் சொல்றேன். எவன் வேணா வந்து என்னைக் கேளுங்க!”

டீக்கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அவன். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி, “எங்களுக்குத் தெரியாதா இன்னா? யாரு சொல்றதுன்னு இருந்தோம்” என்றாள். ராஜமாணிக்கத்தின் முகம் முதல் தடவையாக வெளுத்தது. “சத்தம் போடாதம்மா, சத்தம் போடாத” என்று கையைக் காட்டிக்கொண்டே உள்ளே போனான்.

தூக்கிப் போட்டதாகச் சொன்ன டிரங்குப் பெட்டி வந்தது. அவனே தூக்கிக்கொண்டு வந்தான். காசியம்மாள் நடுத்தெருவில் குந்தி அதைத் திறந்தாள். சேலையில் பூச்சி அரித்திருந்தது. அதை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு அடிவரை துழாவிவிட்டு நிமிர்ந்தாள்.

“தவலை எங்கடா?”

“எந்தத் தவலை?”

“வேதா” என்றாள் காசியம்மாள். அவள் பெயரைச் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. “இன்னொரு வாட்டி கத்து.”

கத்த வேண்டியிருக்கவில்லை. ராஜமாணிக்கம் மறுபடியும் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில், அடியில் கரி பிடித்த பித்தளைத் தவலையை எடுத்து வந்து கீழே வைத்தான். அதில் வெந்நீர் போட்டுப் புழங்கியிருக்கிறார்கள். காசியம்மாள் அதை விரலால் தட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் ஒரு பிடியை வேதா பிடித்தாள்.

ராஜமாணிக்கம் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசிக்குள் சந்துக்காரர்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்கு மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து டீக்கடைக்காரனுடையது. ராஜமாணிக்கம் கட்டிடத்தை விற்றுவிட்டுப் பாண்டிச்சேரிப் பக்கம் போய்விட்டான் என்று காசியம்மாள் தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பினாள். அங்கே போயும் இதே வேலையைத்தான் செய்வான் என்று நினைக்கும்போது வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு அரக்கோணத்தில் இரண்டாவது மெமோ காத்திருந்தது. சீருடையில், அனுமதியின்றி, வேறு ஸ்டேஷன் எல்லையில், பொது இடத்தில் மேலதிகாரிகளை அவதூறாகப் பேசியது உண்மையா என்று கேட்டிருந்தார்கள். பேசியது உண்மை, அவதூறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.